பெப்ரவரிக்கு ஒரு சட்டை

அழைப்பிதழின் அடியில், சின்ன எழுத்தில்,
"இலகுவான, நாகரிகமான உடை" என்று போட்டிருந்தது.
கோகியின் வேலைதான்.
பதினேழு வருடம் என் அலமாரியைத் திறந்து திறந்து
பெருமூச்சு விட்டவள்
என்னை நினைத்தே எழுதியிருப்பாள்.

பெப்ரவரி. டர்பன்.
காலை ஆறு மணிக்கே காற்று
பிழியாத துணி மாதிரி
தோளில் வந்து விழுகிற மாதம்.
முன்னாள் மனைவிக்குக் கல்யாணம்,
உம்லாங்கா கடற்கரையோரப் புல்வெளியில்,
வெயில் சாயாத நாலு மணிக்கு.
இதற்கென்று எந்தக் கடையிலும் தனி அடுக்கு கிடையாது.

கறுப்பு சூட், அவள் அப்பா சாவுக்குத் தைத்தது.
அதில் போய் நின்றால்
நாலு பேர் என்னைத் தட்டிக்கொடுப்பார்கள்.
சாம்பல் சட்டை வேண்டாம்,
அக்குளின் ரகசியத்தை ஊருக்கே வாசித்துக் காட்டும்.
டெனிமில் கால் வேகும்.
அரைக்கால் சட்டை என்றால்
என் முழங்கால்களை அவளுக்குத் தெரியும்,
படையாச்சி குடும்பத்துக்கு அறிமுகம் அவசியமில்லை.

சாட்ஸ்வொர்த் சென்டரில்
ஸனேலே என்ற பெண் என்னை ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தாள்.
"அங்கிள், யார் மேலாவது கோபமா?
சட்டையை இவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கிறீர்கள்."
லினன் ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.
மோரில் மஞ்சள் ஒரு துளி விழுந்த நிறம்.
காலர் இல்லை, கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை மட்டும்.
அதற்குக் கீழே கருநீலப் பருத்திக் கால்சட்டை,
கணுக்காலுக்கு ஒரு விரல் மேலேயே நின்றுவிடுவது.
"கசங்குமே" என்றேன்.
"கசங்கும்" என்றாள்.
பில் போட்டாள்.

துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம்
காலுறைக்குள் இருந்த பாதங்கள்
வெறுமையாக ஷூவுக்குள் நுழையக் கூசின.
பவுடர் போட்டுச் சமாதானம் செய்தேன்.
பனியன் போடுவதா, வேண்டாமா?
போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி,
கடைசியில் கழற்றியபடியே கிளம்பினேன்.
கையை எட்டு தடவை மடித்தேன்.
முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு
அலட்சியமாகத் தெரிய வேண்டுமாம்,
அலட்சியத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது.
காரில் சீட் பெல்ட்
நெஞ்சின் குறுக்கே ஒரு கோடு போட்டது.
தடவத் தடவ இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

புல்வெளி நிறைய சூட்கள்.
டையைத் தளர்த்தின மாமாக்கள்
நிழலுக்காகக் கூடாரத்தின் ஓரத்தோடு ஓரமாக நகர்ந்தார்கள்.
மாப்பிள்ளை சத்தியசீலன்
ஒயின் நிற வெல்வெட்டில்,
கழுத்து வரை பொத்தான், ஜரிகை, தலைப்பாகை.
காதோரம் வேர்வை இறங்கி
ஜரிகையில் வழி தெரியாமல் நின்றது.

கோகி வந்தாள்.
வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற அந்தப் பார்வை
கழுத்துப்பட்டையிலிருந்து கணுக்கால் வரை போய்
மறுபடி மேலே வந்தது.
"இதையெல்லாம் இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாய்?"
"கடையில்" என்றேன்.
சிரித்துவிட்டாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

புகைப்படக்காரன் லென்ஸ் மாற்றிய இடைவேளையில்
சத்தியசீலன் என் பக்கம் ஒதுங்கினார்.
எதைப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.
"நவநீதன், உள்ளே அடுப்பு எரிகிறது" என்றார்.
கைக்குட்டையைக் கொடுத்தேன்.
நெற்றி, கழுத்து, தலைப்பாகையின் அடிப்பக்கம்,
எல்லாம் துடைத்தார்.
பிறகு என் சட்டைக் கையை
இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.
"லினனா? கசங்குமே."
"ஆமாம். கசங்கும்."

அப்போது கடலிலிருந்து காற்று வந்தது.
அவருக்கு முகத்தோடு நின்றுவிட்டது.
எனக்குள் புகுந்து, முதுகை ஒரு சுற்றுச் சுற்றி,
பொத்தான் இடுக்கு வழியே வெளியே போனது.

கைக்குட்டையை அவர் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.