கிட்டோங்கா ஏற்றம், ஆறிலிருந்து ஐந்து

மிக்குமி எடைமேடையில் ஆரம்பித்த சண்டை
ருவாஹா ம்புயூனி வரைக்கும் கூடவே வந்தது.
அங்கே லுசாஜோ இரண்டு மூட்டை வெங்காயம் வாங்கினான்,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.
பிறகு சீட்டுக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டுப்
படுத்துவிட்டான்.

டயருக்கு வைத்திருந்த பணம்
அவன் தம்பியின் கல்யாணத்தில் ஆடி முடித்துவிட்டது.
முன் டயர் இரண்டும்
மழித்த கன்னம் போல வழவழவென்று.

முப்பது டன் உரம், ஸாம்பியாவின் சோளத்துக்கு.
ஒஹாயோவில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்த வண்டி.
கதவில் பழைய முதலாளியின் பெயர்
சுரண்டியும் போகவில்லை.
ஸ்டீயரிங் இடது பக்கம், சாலையில் நாங்களும் இடது பக்கம்;
முன்னால் போகிறவனின் முதுகைத் தவிர
எனக்கு எதுவும் தெரியாது.

கார்களின் கியர்பெட்டிக்குள்
பித்தளை வளையம் ஒன்று இருக்குமாம்.
சுற்றுகிற இரண்டின் தோளிலும் கைபோட்டு
ஒரே வேகத்துக்கு அழைத்துவருமாம்.
இதில் அது இல்லை.
பத்து கியர், சமாதானத்துக்கு ஆளில்லை.
காதுதான் வளையம்.

மிதியை லேசாக விடு.
பாரம் இறங்கும் அந்தக் கணத்தில் லீவர்
பழுத்த பழத்தின் காம்பு போலக் கழன்று வரும்.

நியூட்ரல்.
எஞ்சின் தனி, சக்கரம் தனி.
முப்பது டன்னும் யாருடையதும் இல்லை,
மலை மட்டும் கேட்கிறது: எனக்கா?
ஒரு உறுமல் கொடு. ஏறுகிற சுருதியும்
விழுகிற வேகமும் எங்கேயோ தொட்டுக்கொள்ளும்.
அங்கே இரண்டு விரல் போதும்.
சத்தமே இருக்காது.
தூங்குகிறவன் புரண்டுகூடப் படுக்க மாட்டான்.

மூன்றாவது வளைவில் சாலை நடுவே தழை.
பச்சைக் கிளை ஒடித்துப் போட்டிருந்தால்
மேலே எவனோ நின்றுபோயிருக்கிறான்.
ஆறில் இருந்தேன். முள் ஆயிரத்து முந்நூறு.
ரேஞ்சைக் கீழே தட்டி, இழுத்து, உறுமி,
ஐந்துக்குத் தள்ளினேன்.

தள்ளினேன். அதுதான் தப்பு.
கல்யாணத்தை நினைத்துக்கொண்டே தள்ளினேன்.
கர்ரென்று பல்லைப் பல் கடித்து
என் தோள் வரைக்கும் ஏறியது.

ஐந்து போய்விட்டது.
நாலையும் வேகம் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.
போனதைத் துரத்தினால் வண்டி நின்றுவிடும்,
நின்றால் பின்னால் உருளும்,
பின்னால் ஒரு டேங்கரின் விளக்கு.
கையைத் தளர்த்தி
மூன்று வரட்டும் என்று காத்திருந்தேன்.
அவ்வளவு நீளமான ஒரு நொடியை
நான் அதுவரை வைத்திருந்ததில்லை.
ஒரு உறுமல். விழுந்தது மூன்று.

நின்றுபோன லாரியின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
ஒருவன் குந்தியிருந்தான்,
இன்னொருவன் டார்ச்சை ஆட்டி
எதிரே யாரும் இல்லை, வா, என்றான்.
அவன் கண்களால் அந்த வளைவைக் கடந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
முன் கண்ணாடியில், மீட்டர்களின் மங்கல் வெளிச்சத்தில்,
திரைக்கு வெளியே நீட்டிய ஒரு இடது கால்.
கிளட்ச் இல்லாமல் மாற்ற லுசாஜோவுக்கு வராது.
ஒவ்வொரு கியருக்கும் இரண்டு மிதி,
இரண்டாவது எப்போதும் அரை நொடி தாமதம்.
பத்து வருஷமாகக் கிண்டல் செய்திருக்கிறேன்.

தூக்கத்திலா, விழித்தா, தெரியவில்லை.

உச்சியில் சாலை கொஞ்சம் படுத்தது.
நாலுக்கு மாற்ற லீவரை இழுத்துவிட்டு
அந்தக் காலைப் பார்த்தேன்.
மிதித்தது.
இன்னும் போடவில்லை நான்.
எஞ்சின் முனகி இறங்கிக்கொண்டே இருந்தது.
மறுபடி மிதித்தது.
போட்டேன்.

இலூலா விளக்குகள் வந்ததும் கேட்க வேண்டும்,
வெங்காயம் மூட்டை என்ன விலை என்று.