ஏறக்குறைய

நகத்தின் அடிமடிப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால்
தோல் கண்ணாடியாகிவிடும்.
இருநூறு மடங்கு பெருக்கினால்
கொண்டை ஊசிகள், வரிசையாய்.
ஒவ்வொன்றிலும் ரத்தம் ஏறி, வளைந்து, இறங்கும்.
அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒந்தீனா பொஸ்கோலோவின் மோதிர விரலில்
நான்கு ஊசிகளைக் காணோம்.
ஐந்தாவது
மழைக்குப் பின் மண்புழுவாய் ஊதிச் சுருண்டு கிடக்கிறது.

கியோஜ்ஜாவின் மீன் ஏலக்கூடத்தில்
விடியுமுன் மூன்று மணிக்கு
ஐஸுக்குள் கைவிட்டுக் கணவாய் பிரிப்பவள்.
"வெள்ளை, அப்புறம் நீலம், கடைசியில் சிவப்பு.
என் விரலில் தினமும் பிரெஞ்சுக்காரன் கொடியேற்றுகிறான்"
என்று சிரித்தபடியே
கையை அக்குளில் செருகிக்கொள்வாள்.

விரல்நுனியில் புண். அரிசி அளவுதான்.
பதினோரு வாரமாய் ஆறவில்லை.
"சட்டைப் பொத்தான் போட
மைத்துனனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.
அவனோ வாய் மூடமாட்டான்."

மாத்திரைகள் உண்டு,
குழாய்களை விரியச் சொல்லி உள்ளிருந்து தட்டுபவை.
இது வேறு: வைட்டமின் ஈ,
தேன்போல் கனத்த மஞ்சள் களிம்பு.
வாரம் இருமுறை பூசிக் கட்டுகிறேன்.
"மருந்தா, சமையலா?"
கொழுப்பில் கரைவது, அணுக்களின் சவ்வில் போய் உட்கார்ந்து
துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், என்றேன்.
"படகுக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரியா?"
ஏறக்குறைய.
அந்தச் சொல்லை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்,
விலை படியாத மீனைப் புரட்டுவதுபோல.

ஆறாம் வாரம் புண் மூடியது.
களிம்பாலா, ஏப்ரல் வெயிலாலா,
என்னால் சத்தியம் செய்ய முடியாது.
காணாமல்போன நான்கும் திரும்பவில்லை.
மண்புழுவும் அசையவில்லை.
பொத்தானை மட்டும் அவளே போட்டுக்கொண்டாள்,
மூன்றாவது முயற்சியில்,
என்னைத் தொடவிடாமல்.

கிளம்புமுன் திரும்பினாள்.
"உன் விரலை வை. இப்போது நான் பார்க்கிறேன்."
எண்ணெயை அவளே விட்டாள், தாராளமாக.
மேசையெல்லாம் வழிந்தது.
வெகுநேரம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு
ஏலத்தில் எடை சொல்லும் குரலில் அறிவித்தாள்:
"ஒன்பது நல்லது.
ஓரத்தில் ஒன்று கொஞ்சம் தடிமன்."

நான் திரையைப் பார்க்கவில்லை.
விரலைத் துடைத்தேன்,
துடைத்த பிறகும் துடைத்தேன்.

சன்னலுக்கு வெளியே, பருவம் தப்பி,
வடகிழக்குக் காற்று காயலைக் கீறிக்கொண்டிருந்தது.
பையிலிருந்து பழைய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி எடுத்து
என் முன்னே போட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

மீன் வாடை குப்பென்று அடித்தது.
போட்டுக்கொண்டேன்.