கழியும்

பகாவ் கடைத்தெரு மாடி.
ஜூன் முடிய இரண்டு நாள்.
ஆலைப் புகை சன்னலில் நுழைந்து
ரசீதுகளில் படிகிறது.

முதலாளியின் ஹைலக்ஸ் கழியும்.
டயர், டீசல் கழியும்.
மில் மேனேஜருக்கு வைத்த நண்டு விருந்து
பாதிதான் கழியும் என்றேன்.
மீதிப் பாதிக்கு முகம் சுளித்தார்.

என் வீட்டுக்காரர் பாய்லரில் நிற்கிறார்.
ஓவர்டைம் கூடியதில் இந்த வருஷம் வரி;
சம்பளம் கைக்கு வருமுன்னே பிடித்துவிட்டார்கள்.
கப்சாய்க்கு ஊற்றிய பெட்ரோல்,
மூன்றாவது ஜோடி பூட்ஸ்,
எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.
லோரிக்குத் தேய்மானம் எழுதலாம்.
இவர் முழங்காலுக்கு?
தைலம்தான்.

கடைசிப் பக்கம்.
'ஊழியர் சம்பளம்' என்ற வரியில்
என் பெயரையும் தொகையையும் தட்டுகிறேன்.
அதுவும் கழியும்.

"சரியா இருக்கா, இந்திராவதி?"

"சில்லறை வரைக்கும் சரி, முதலாளி."