ஒன்பது சைபர்

டர்பனில் இரவு இரண்டரை.
சாட்ஸ்வொர்த்–வார்விக் டாக்ஸியில் சில்லறை வாங்கும் லுங்கேலோ,
உடைந்த ஜன்னலை எட்டிப் பிடித்ததில்
வலது மணிக்கட்டின் நடு நரம்பு
முழுதாய் அறுந்து வந்திருக்கிறான்.

அலமாரியைத் திறந்து நோன்லான்லா
இருப்பைச் சொல்கிறாள்.
பட்டு நிறைய. அது வேண்டாம், சுற்றிலும் சினந்து தழும்பு கட்டும்.
கரையும் நூலில் தடித்ததுதான் மிச்சம்.
பசை போன மாதமே தீர்ந்தது.
நைலான்:
எட்டு சைபரில் ஏழு,
ஒன்பது சைபரில் மூன்று.

"எட்டைப் பிரிக்கவா டாக்டர்? அது அறாது."

அறாது என்பதுதான் என் பயம்.
வலுத்த நூல் எதையும் இழுத்துச் சேர்த்துவிடும்;
சேராத இரண்டைச்
சேர்ந்ததுபோல் காட்டும்.
உள்ளே ரத்தம் சுண்டியது
மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

ஒன்பதைக் கேட்டேன்.
தலைமுடியில் பாதி.
கீழே விழுந்தால் தேடுவதில்லை.

மைக்ரோஸ்கோப்பின் அடியில்
நசுங்கிய நுனிகளைச் சீவினேன்,
இழைகள் ஈரமாய்ப் பிதுங்கி நிற்கும்வரை.
உறைமேல் ஓடும் மெல்லிய ரத்தக்குழாயை
இந்தக் கரையும் அந்தக் கரையும் நேர்வைத்து
முதல் முடிச்சு.

அறுந்தது.

மணிக்கட்டை மடக்கிப் பிடித்தால் நிற்கும்தான்.
வாழ்நாளெல்லாம் கைமடக்கியா நிற்பான் இவன்?

மயக்கம் கொடுக்குமுன் சொல்லியிருந்தேன்:
தேவைப்பட்டால் கெண்டைக்காலில் ஒரு நரம்பு எடுப்பேன்,
பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும்.
"காலால் நான் சில்லறை எண்ணுவதில்லை" என்று
இடக்கையால் கிறுக்கிக் கொடுத்தான்.

கால் நரம்பை நான்கு துண்டாக்கி
இடைவெளியில் பக்கம்பக்கமாய்க் கிடத்தினேன்.
அதே ஒன்பதில் தைத்தேன், எண்ணி எண்ணி,
ஒரு தையல்கூட மிகாமல்.
இழுக்க ஒன்றுமில்லாத இடத்தில்
அந்த நூல் போதும்.
நோன்லான்லா மூன்றாவது உறையைப் பிரிக்கும்போது
ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கிரேன்கள்
விடிந்துகொண்டிருந்தன.

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது புத்தகக் கணக்கு.
சில வாரம் அதுவும் இல்லை.
ஒவ்வொரு முறையும் மணிக்கட்டிலிருந்து தட்டிக்கொண்டே போவேன்;
சுரீர் என்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி.
அடுத்த முறை வரும்போது
புள்ளி அழிந்திருக்கும், இடமும் தள்ளியிருக்கும்.

பத்தாம் மாதம்
கண்ணை மூடச் சொல்லி
ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு காசு வைத்தேன்.
இரண்டு ராண்டா, ஐந்தா,
அவனுக்குத் தெரியவில்லை.
"ஜில்லென்று இருக்கிறது" என்றான்.
கட்டைவிரல் மெல்ல நகர்ந்து வந்து
அதை மூடிக்கொண்டது.

நான் திருப்பிக் கேட்கவில்லை.