கோடு, சுழி, புள்ளி

அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்:
முதுகலை ஆய்வுக்கு ஓரிடம், இரண்டாண்டு உதவித்தொகை,
டாங்கனிக்கா ஏரியின் மீன்வளத்துக்குக் கணித மாதிரி.
நீந்தத் தெரிந்திருந்தால் நல்லது.

நியமிஸிக்குத் தெரியாது.
தபோராவில் ரயிலடிப் பிள்ளை அவள்,
கண்ட நீரெல்லாம் தொட்டி நீர்.
'கற்றுவருகிறேன்' என்று எழுதிப் போட்டாள்.

கிபிரிஸி கரையில்
பதினோரு வருடக் குறிப்பேடுகளை
அரிசிச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள்
படகுகளை எண்ணும் சிகுஜுவா.
'எனக்குத் தெரியாமல் போயிற்று' என்பது பெயரின் பொருள்.
வயிற்றில் இவள் இருப்பது
தாய்க்கு ஐந்தாம் மாதம்தான் தெரிந்ததாம்.

மழைக்காலம் முழுக்கத் தட்டச்சு.
விளக்கு எத்தனை, வலை எத்தனை,
டகா மீன் தொட்டி எத்தனை.
சில கட்டங்களில் கோடு, சிலவற்றில் சுழி.
இரண்டையும் சுழியென்றே இட்டாள்.
இல்லை என்றால் இல்லைதானே.

மாதிரிக்குள் சாவு இரண்டு வகை:
தானாய்ச் சாவது, வலையில் சாவது.
ஆளுக்கோர் எழுத்து.
இரவெல்லாம் ஓடிய கணினி
விடியலில் ஒரு வளைவு வரைந்தது:
ஆறே வருடத்தில் ஏரி காலி.

கரைக்கு ஓடினாள்.
சிகுஜுவா திரையைப் பார்க்கவில்லை.
மீன் காயும் கம்பிவலைமேல்
காக்கை விரட்டியபடி சொன்னாள்:
"கோடு என்றால் முழுநிலா. யாரும் போகவில்லை.
சுழி என்றால் போனார்கள், வெறும் வலையோடு வந்தார்கள்.
மாதம் தவறாமல் நிலா வருமே பெண்ணே,
உன் கணக்கில் மட்டும் வரவில்லையா?"

மூன்று வாரம்.
ஒவ்வொரு கோடாகத் தேடித் திருத்தினாள்.
வளைவு நிமிர்ந்தது, கொஞ்சம்.
நிமிர்ந்தும் இறங்கியது.
அன்று ஒரு விளக்குக்கு ஏறிவந்த மீன்
இன்று மூன்று விளக்குக்கு வருகிறது.
தொட்டி நிறைவதைப் பார்த்து
ஏரி நிறைந்திருப்பதாய் நினைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது
சிகுஜுவா காக்கையை விரட்டவில்லை.

ஏழாம் குறிப்பேட்டில், மார்ச் கடைசியில்,
ஒன்பதாம் படகின் கட்டத்தில்
கோடும் இல்லை, சுழியும் இல்லை.
ஒரு புள்ளி.
பேனாவை ஊன்றி அழுத்தியதில்
பின்தாள் வரை மை.
மை சிந்தியது என்றே நினைத்திருந்தாள் நியமிஸி.

"போனது. வரவில்லை."
நாலு பேர் என்றாள். பெயர் சொல்லவில்லை.

அங்கே எதை இடுவது?
சுழி பொய். கோடு அதைவிடப் பொய்.
மீன்களின் சாவுக்குள்ள இரண்டு எழுத்தில்
எதுவும் பொருந்தாது.
காலியாய் விட்டாள்.
நிரல் நின்றது,
வரிசை 2,279ஐப் பாருங்கள் என்று
சிவப்பில் எழுதி.

பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே நிலா தேய்ந்து முடிந்திருந்தது.
படகுகளில் விளக்குகளைப் போட்டும் அணைத்தும்
சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
சிகுஜுவா புதுக் குறிப்பேட்டில்
கட்டம் போட உட்கார்ந்தாள்,
அளவுகோல் இல்லாமல்,
பழைய சோப்பு டப்பாவின் ஓரத்தை வைத்து.