திறந்து காட்டப்படும்

நாங்கள் திரும்பி வந்தபோது
பனிக்கங்குளத்தில் ரோட்டோரம்
கதவு மட்டும் நின்றது.
பாலை நிலை, முதிரைப் பலகை, நீலப் பெயின்ற்.
இடமும் வலமும் வெளி.
சிவபாதம் மடியிலிருந்து திறப்பை எடுத்து
திறந்து உள்ளே போனார்.
சுற்றிப் போயிருக்கலாம்.
நான் அப்படித்தான் போனேன்.

குருநாகல் பஸ்ஸில் வந்த புது மாப்பிள்ளை ஒருவன்
பெண்சாதியை நிலைக்குள் நிறுத்திப் படமெடுத்தான்.
போகும்போது நூறு ரூபாயைத் திணித்தான்.
அடுத்த கிழமை தகரத்தில் எழுதித் தொங்கவிட்டார்:
கதவு திறந்து காட்டப்படும். ஆளுக்கு இருபது.
சிங்களத்திலும் எழுதுவித்தார், ஓர் எழுத்துப் பிழை.
பிழையைப் படமெடுக்கவும் சனம் நின்றது.

பிறகென்ன, லீவு நாளில் பதினேழு பஸ்.
முன்னால் நின்று தட்டுவார்கள்,
பின்னால் நின்று இவர் “ஆர் அது?” என்பார்.
அதற்குத்தான் அவ்வளவு சிரிப்பு.
ஒரு வெள்ளைக்காரி மூன்றுதரம் தட்டினாள்,
மூன்றுதரமும் காசு தந்தாள்.
நான் கச்சான் வறுத்தேன்,
தேத்தண்ணி ஊற்றினேன்,
கக்கூஸ் கேட்டவர்களுக்குக் காட்டைக் காட்டினேன்.
வீடு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்ட ஒரு சின்னப் பெடியனின்
வாயைத் தாய் பொத்தினாள்.

ரோட்டுக்குக் காப்பெற் போட்டார்கள்.
பஸ்கள் எண்பதில் பறந்தன.
ரயிலும் வந்தது.
மாங்குளத்தில் எவனோ
கண்ணாடித் தொட்டியில் முதலை வைத்திருக்கிறானாம்.
சிவபாதம் விட்டுக்கொடுக்கவில்லை, கதவுக்குப் பெயின்ற் அடித்தார்.
அடித்ததும் அது வெறும் புதுக்கதவாய்ப் போயிற்று.
அந்தச் சித்திரைக்கு இரண்டே பேர்.
அதிலும் ஒருவன் சில்லுக் காற்றுப்போய் நின்றவன்.

வீட்டுத்திட்டக் காசு
கதவுக்கு முன்னமே முடிந்தது.
பழையதைக் கழற்றிக் கொண்டுவந்தோம்,
நாலு விரல் உயரம் கூட.
வாள் போட்டது நான்.
பிள்ளைகள் ஆணியால் கீறிய பெயர்கள்
அடித்துண்டோடு போயின.
துண்டை எரிக்கவில்லை.
குந்தியிருந்து மீன் வெட்டுகிறேன்.

போன மாதம், உச்சி வெயிலில், ஆரோ தட்டினார்கள்.
“ஆர் அது?” என்றார்.
இந்தமுறை அவருக்குப் பதில் வேண்டியிருந்தது.

ஒரு பெட்டை, ஒரு பெடியன்.
கைப்பேசியில் பழைய படம், கையில் இருபது ரூபாய்.
சிவபாதத்தைத் தாண்டி, என்னைத் தாண்டி
எங்களுக்குப் பின்னால் வானத்தைத் தேடினார்கள்.
சுவர்.
கலண்டர்.
காய்கிற என் சட்டை.

மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.
இவர் கதவைச் சாத்தினார்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு, பட்டப்பகலில்,
தாழ்ப்பாளையும் போட்டார்.