நற்சாட்சி

தங்கசாலைத் தெருவில் எங்கள் அச்சகம்.
இருதய மித்திரன் டானிக்குக்குத்
துண்டுப் பிரசுரம் கோத்தவன் நான்.
நெஞ்சுவலி, நெஞ்செரிவு, நெஞ்சடைப்பு,
நெஞ்சில் ஏறும் வாயு, காரணமில்லாத அழுகை
என்று நீண்டது பட்டியல்.
பாதியிலேயே ‘ஞ்’ தீர்ந்துவிட்டது.
மிச்சத்துக்கு மார்வலி என்று மாற்றினேன்.
“இதுவும் வியாதியாட்டந்தான் இருக்கு”
என்றார் முதலாளி.

கிராம்பு, கருகிய சர்க்கரை,
மதுவிலக்குப் போலீஸ் மோப்பம் பிடிக்காத அளவுக்கு
வேறொன்றும் கொஞ்சம்.

கடைசிப் பத்தி நற்சாட்சி:
“மூன்றே புட்டியில் குணம்.
படியேறுகிறேன். மூட்டை தூக்குகிறேன்.
இப்படிக்கு, மு. கன்னியப்பன், கரி யார்டு, ராயபுரம்.”
அவர் கைநாட்டு.
வாக்கியம் முதலாளியுடையது.
கூலி, நாலாவது புட்டி.

இரண்டாம் பதிப்பு ஏற்றும் அன்று
அஞ்சலாட்சி வந்தாள், அவர் சம்சாரம்.
“வாயுதான்னாங்க. சோடா ஒடச்சிக் குட்த்தோம்.
ஏப்பம் வந்துச்சு, சிரிச்சாரு.
ரிக்‌ஷா ஸ்டான்லி வாசல் போறதுக்குள்ள...”

முதலாளியைப் பார்த்தேன்.
ஃபாரம் பூட்டியாச்சு என்றார்.

சண்டைக்கு வரவில்லை அவள்.
“அவரு பேரு அச்சுல வந்துகீதாமே,
ஒண்ணு குடு.”
எது பேர் என்று கேட்டு விரல் வைத்தாள்.
காயாத மை இழுபட்டு
‘படியேறுகிறேன்’ வரைக்கும் போயிற்று.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.
“பாதிப் புட்டி மிச்சம் கீது.
எனக்கும் ராவானா இங்க படபடங்குது.
குடிக்கலாமா?”

நான் கோத்ததுதான்,
அவள் கையிலிருந்து தலைகீழாகப் படித்தேன்:
வேளைக்கு இரண்டு ஸ்பூன்.